ஒரே பெட்டியில் கிடந்தவை

கருங்கழிக் குப்பத்தில் கொடுவா மீனுக்கு ரப்பர் இரை செய்கிறவள் சலேத்மேரி. கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதல் நாளே அவளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். எந்த நிறத்துக்கு மீன் கடிக்கும்? பத்து நாள் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள் என்று அனுப்பிவிடுவாள். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.

தணிகாசலம் அதைக் கேட்கவில்லை.

"மிஞ்சின சாயத்தை எங்கே கொட்டுவீங்க?" என்றார்.

சலேத்மேரி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கொட்டுவதில்லை, மூடி வைத்து மறுபடி எடுப்போம் என்றாள். நாளையிலிருந்து வரலாம் என்றும் சொன்னாள்.

அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவளுக்கு நாற்பத்தொன்று. அவர் அவளை அம்மா என்று அழைத்தார். அவள் அவரை ஐயா என்றாள்.

அவளிடம் அப்போது இன்னொருவரும் கற்றுக்கொண்டிருந்தார். ஜபருல்லா, குப்பத்துக்குத் தபால் கொண்டுவருகிறவர். பையில் கடிதம் இருக்கிறதோ இல்லையோ, மதியத்துக்கு மேல் படகுத்துறையில் இருப்பார். தணிகாசலத்தின் விரல்கள் சாயத்தைத் தொடும் விதத்தைப் பார்த்து, முன்னால் என்ன வேலை என்று விசாரித்தார். சாயப்பட்டறையில் நிறம் கூட்டுகிற வேலை என்றார் தணிகாசலம். எந்தப் பட்டறை என்று சொல்லவில்லை.

"அப்ப மாஸ்டர்னு சொல்லுங்க" என்றார் ஜபருல்லா.

அதெல்லாம் வேண்டாம், பெயர் சொல்லியே கூப்பிடுங்கள் என்றார் தணிகாசலம். ஜபருல்லா கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் வாயில் மாஸ்டரைத் தவிர வேறு பெயர் வரவில்லை. அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் தணிகாசலத்தின் கை ஒரு கணம் நின்று பிறகு நகரும். ஜபருல்லா அதைக் கவனித்ததில்லை. சலேத்மேரி கவனித்திருந்தாள்.

உப்பங்கழியின் மேற்குக் கரையில் ஒரு சாயப்பட்டறை பூட்டிக் கிடக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் அதன் கழிவுத் தொட்டி நிரம்பி நின்ற ஒரு நாளில் ஐப்பசியின் முதல் மழை பிடித்துக்கொண்டது. மழைத் தண்ணீரோடு சேர்ந்து போய்விடும், திற என்று சொன்னவர் தணிகாசலம். வால்வைத் திறந்தவன் அடைக்கலதாஸ் என்ற ஒப்பந்தக் கூலி. மூன்று நாள் கழி சிவப்பாகக் கிடந்தது. மடவையும் இறாலும் கொடுவாவும் வயிற்றைக் காட்டி மிதந்தன. விசாரணை வந்தது. யாரும் உத்தரவிடவில்லை, தொழிலாளி தானாகத் திறந்துவிட்டான் என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார் தணிகாசலம்.

அடைக்கலதாஸ் இந்தக் குப்பத்துக்காரன். மாஸ்டர் சொன்னார், திறந்தேன் என்று ஊரிடம் சொன்னான். எந்த மாஸ்டர் என்றார்கள். பெயர் தெரியாது, பட்டறையில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள் என்றான். காகிதத்தில் வேறு மாதிரி இருக்கிறதே என்றார்கள். ஊர் அவனை விலக்கி வைத்தது.

நெடுஞ்சாலையிலிருந்து குப்பத்துக்கு வர ஒரு பாலம் உண்டு. அதன் நடுவைத் தாண்டி அவன் கால் வைக்கக் கூடாது. சாலையோரத்தில் பஞ்சர் கடை போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவன் அம்மா பாலத்தின் பாதிவரை நடந்து போவாள். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு நாலடி பின்னால் வந்து நிற்பாள். அவன் வந்து எடுத்துக்கொள்வான். கையில் வாங்கக் கட்டுப்பாடு இடம் தருவதில்லை.

விலக்கப்பட்டவன் தன்னைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி ஊரிடம் மூன்று தடவை கேட்கலாம். கோயில் கொடி இறக்கிய மறுநாள் ஊர்த் தலைவரும் பெரியவர்களும் பாலத்துக்கு வந்து கேட்பார்கள். அடைக்கலதாஸ் இரண்டு தடவை கேட்டாயிற்று. வரப்போவது மூன்றாவது. அதிலும் இல்லையென்று ஆகிவிட்டால் நாளைக்கு அவன் பிணம்கூட அந்தப் பாலத்தைத் தாண்டாது.

தணிகாசலம் இதையெல்லாம் வந்த முதல் வாரத்திலேயே ஜபருல்லாவின் வாயால் கேட்டார். கழியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர் அவர். போகவில்லை. துறைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினார்.

வேலை அவருக்குச் சீக்கிரம் வந்தது. திரவ ரப்பரை அடுப்பில் காய்ச்சி மீன் அச்சில் ஊற்றுவார். ஆறியதும் உரித்தெடுத்து வாலைச் சாயக் குப்பியில் முக்கி, மூன்று எண்ணி எடுப்பார். கொடுவாவுக்குப் பிடிக்கும் என்று சாயத்தில் பூண்டுச் சாறு கலந்திருக்கும். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தால் சோறும் பூண்டு மணக்கும். அவர் முக்கியெடுத்த வால்களில் சாயக் கோடு அளந்து இழுத்த மாதிரி நேராக நின்றது.

"சேலைக்குக் கரை போடறார் மாஸ்டர்" என்றார் ஜபருல்லா. "முந்தி ஒண்ணுதான் பாக்கி."

"கொடுவா கரை பார்த்தா சேலை எடுக்குது?" என்றாள் சலேத்மேரி.

தணிகாசலமும் சிரித்தார். அந்த ஊரில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தார்கள்.

கொடியேற்றத்துக்கு முன்னால் அவர் நாற்பது மீன் செய்து முடித்தார். இருபது சுத்த வெள்ளை, தெளிந்த தண்ணீருக்கு. இருபது அடர் சிவப்பு, கலங்கல் தண்ணீருக்கு. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில், ஒரு வெள்ளை ஒரு சிவப்பு என்று மாற்றி மாற்றி நெருக்கமாக அடுக்கினார். நூல் கண்டு அடுக்கிப் பழகிய கை. மூடி இறுக்கி, படகின் பலகைக்கு அடியில் வைத்தார்.

சலேத்மேரி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு வலையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். 

அவர் போன பிறகு ஜபருல்லா அவளிடம், என்ன அக்கா, ஏதோ தப்பு பண்றார்னு உங்க முகமே சொல்லுது, அவர்கிட்டச் சொல்லக் கூடாதா என்றார்.

"சொன்னாக் கேட்டுக்குவார்" என்றாள். "அதோட சரி."

திருவிழா நாள்களில் யாரும் படகு எடுப்பதில்லை. பன்னிரண்டு நாள் வெயிலில் பெட்டி அப்படியே கிடந்தது. கொடி இறக்கிய அன்று காலை தணிகாசலம் அதைத் திறந்தார்.

வெள்ளை மீன்கள் வெள்ளையாக இல்லை. பக்கத்தில் கிடந்த சிவப்பு எங்கெங்கே தொட்டதோ அங்கெல்லாம் நிறம் இறங்கியிருந்தது. ஒன்றின் விலாவில் இன்னொன்றின் வால் அப்படியே பதிந்திருந்தது. அதைச் சுற்றி ரோஸ் நிறம் உடம்பெல்லாம் பரவியிருந்தது.

அவர் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். சோப்பு போட்டார். துணியில் ஏறிய சாயத்தை உரிக்கும் மருந்து ஒன்று பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். ஹைட்ரோஸ் என்பார்கள். டவுனுக்குப் போய் அதை வாங்கி வந்து வெந்நீரில் கரைத்து ஒரு வெள்ளை மீனைப் போட்டார். மீன் சுருண்டது. கறை இருந்தபடி இருந்தது. இரண்டாவதைப் போட்டார். மாலைக்குள் ஏழு மீன்கள் சுருண்டு கிடந்தன.

சலேத்மேரி வந்து அடுப்பை அணைத்தாள்.

"துணியில சாயம் பிடிச்சா அங்கேயே நின்னுடும், ஐயா. ரப்பர்ல நிக்காது. உள்ளுக்குள்ள நடந்துகிட்டே இருக்கும். பக்கத்துல யார் கிடந்தாலும் அவங்களுக்குள்ள போயிடும்."

"முப்பது வருஷம் சாயத்துல இருந்தேன். எனக்கு இது தெரியலை."

அவள் கரண்டியால் ஏழு மீன்களையும் எடுத்துத் தட்டில் வைத்தாள். சட்டியில் இருந்த மருந்துத் தண்ணீரைக் கழியில் ஊற்றாமல் ஒரு கேனில் ஊற்றி மூடினாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் மதியம் சாப்பிட்ட பிறகு அவர் அவளிடம் வந்தார். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றார். தனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி. அந்த ஒருவர் செய்த காரியத்துக்கு வேறு ஒருவன் பழி சுமக்கிறான். வருஷம் பல ஆகிவிட்டன. செய்தவரிடம் ஒரு குறையும் இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறார். கடைத்தெருவில் எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறார்கள். சுமந்தவன்தான் வீணாகப் போனான். இனிமேல் அவர் வாயைத் திறந்தாலும் போன வருஷம் ஒன்றாவது திரும்பி வருமா? அவருக்கும் கேடு, அவனுக்கும் பிரயோசனமில்லை என்றால் அவர் எதற்காகச் சொல்ல வேண்டும்? இவ்வளவையும் கழியைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார்.

சலேத்மேரி பெட்டியைத் திறந்து ஒரு சிவப்பு மீனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுல நிறம் ஏதாவது குறைஞ்சிருக்கா?"

அவர் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிறம் பார்த்தே வாழ்ந்த கண். ஒரு நூல்கூட வெளுத்திருக்கவில்லை.

"இல்லை" என்றார்.

அப்போது ஜபருல்லா சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார். பெட்டி திறந்த கதையோ அடுப்பில் நடந்ததோ அவருக்குத் தெரியாது. திருவிழாவுக்கு உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். சலேத்மேரி கறை ஏறிய மீன் ஒன்றை மட்டும் எடுத்து அவரிடம் நீட்டினாள். என்ன நிறத்தில் ஊற்றியது சொல்லுங்கள் என்றாள்.

ஜபருல்லா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"ரோஸ்" என்றார். "சாயம் சரியாக் கலக்கலை. திட்டுத் திட்டா இருக்கு. யாரு ஊத்துனது, மட்டமான வேலை."

"பிறந்ததே இந்த நிறமா?"

"வேற என்ன?"

சலேத்மேரி தணிகாசலத்தின் கையிலிருந்த சிவப்பு மீனை வாங்கி, மற்றதன் பக்கத்தில் வைத்தாள். சிவப்பின் வாலை அந்தத் தழும்பின் மேல் பொருத்தினாள். இம்மி பிசகாமல் பொருந்தியது.

ஜபருல்லா குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அட, இது வெள்ளை" என்றார்.

சலேத்மேரி இரண்டு மீன்களையும் பெட்டியில் வைத்தாள். பாலத்துத் தூண்களை ஒட்டிக் கொடுவா நிற்கும் நேரம், வருகிறீர்களா ஐயா என்றாள். ஜபருல்லாவும் கிளம்பினார். உங்கள் பையில் இன்னும் தபால் இருக்கிறது என்று அவரைத் துறையிலேயே நிறுத்திவிட்டாள்.

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கோல் ஊன்றிப் படகைத் தள்ளினாள். அவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். தூண்டிலை எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை.

பாலத்தின் நிழலுக்குள் படகு நுழைந்தது. நடுத்தூணில் பாசி பிடித்த ஓர் இரும்பு ஏணி உண்டு. பாலம் பழுது பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப் போனது. அதைப் பிடித்துப் படகை நிறுத்தினாள்.

தலைக்கு மேலே ஆட்கள் நடக்கும் சத்தம் கேட்டது. பலபேர் வந்து நின்றார்கள். பிறகு சத்தம் அடங்கியது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் மட்டும் நடந்து வந்தான். ரப்பர்ச் செருப்பு பாலத்தில் உரசும் ஓசை நடுவரை வந்து நின்றது.

சொல்ல வேண்டியதைச் சொல் என்றார் தலைவர்.

"மழை பெய்ஞ்சிட்டிருந்துச்சு. மாஸ்டர் சொன்னாரு, திறந்தேன்" என்றான் அடைக்கலதாஸ். "போன தடவை சொன்னதுதான். அதுக்கு முந்தியும் இதேதான் சொன்னேன்."

குரலில் கெஞ்சல் இல்லை. பலமுறை சொல்லித் தேய்ந்த குரல்.

காகிதத்தில் அப்படி இல்லையே என்று யாரோ சொன்னார்கள். திறந்த கை உன்னுடையதுதானே என்றார் இன்னொருவர். ஆமாம் என்றான் அவன். தங்கள் வலையில் அந்த வருஷம் ஏறியது சாயம்தான் என்று மற்றொருவர் ஆரம்பித்தார். தலைவர் அவரை அடக்கினார்.

"அந்த மாஸ்டர்னு ஒருத்தர் இருந்தாரா இல்லையா, அதுவே எங்களுக்குத் தெரியாது. நீ சொன்னதுக்குச் சாட்சி உண்டாப்பா?"

மேலே ஒரு தூக்குவாளியின் கைப்பிடி மட்டும் எங்கோ கிலுங்கியது. அவன் அம்மா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும்.

தணிகாசலம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்களில் சிவப்பு இருந்தது.

"அம்மா" என்றார். "நான் இப்ப போனா, அந்த எட்டு வருஷம் அவன் மேலேர்ந்து போயிடுமா?"

எனக்குத் தெரிந்த ஒருவர் என்று அவர் இப்போது சொல்லவில்லை. அவளும் அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை.

"போகாது" என்றாள்.

"இந்த ஊர்ல அப்புறம் என்னால இருக்க முடியாது."

"முடியாதுதான்."

"உங்ககிட்டயும் வர முடியாது."

சலேத்மேரி கயிற்றை எடுத்து ஏணியில் கட்டினாள். முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள்.

மேலே தலைவர் மறுபடி கேட்டார். சாட்சி உண்டா என்றார்.

"இல்லை" என்றான் அடைக்கலதாஸ்.

தணிகாசலம் எழுந்தார். படகு ஆடியது. ஏணியின் முதல் படியில் கை வைத்தவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"மேலே போய் நான் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் சலேத்மேரி. "அவன் பக்கத்துல போய் நில்லுங்க, மாஸ்டர்."